மகுடம் கேட்கும் மேடை

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம் பெயின் பள்ளி மைதானம். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியபோது ஆள்கணக்கு 19. கானாக்காரர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, சட்டி, கட்ட மோளம், நடுவே கிட்டாரும் டிரம்ஸும். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கட்டிய குழு இது. பெயருக்கு வேர், சாதிபேதமற்ற தமிழர் என்று நம்மைப் பதியச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதர்.

இத்தனை பேரை வைத்துக்கொண்டு இரைச்சலாகாமல் காப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இவர்கள் பெரும்பாலும் காத்தார்கள். இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடும்போது கோபத்துக்கு முன்னால் கானாவின் நக்கல் வந்து நிற்கும். சிரித்து முடித்த பிறகுதான் உறைக்கும். சபரிமலைக்குப் பெண்கள் போவதைக் குழுவின் பாடகி இசைவாணி பாடியதற்குச் சில வருஷம் கழித்தும் வசவு விழுந்தது. பலவீனம் கிட்டாரில்தான். பல பாட்டில் அது தாளத்தோடு மோதாமல் ஒத்து ஊதிவிட்டுப் போகிறது.

மோதினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் ஊமியோ நகரத்து 'ரெஃப்யூஸ்ட்' சாட்சி. 1991-ல் தொடங்கிய ஹார்ட்கோர் பங்க் குழு. 1998-ல் ஜாஸையும் மின்னணு இசையையும் உள்ளே இழுத்து ஒரு ஆல்பம் போட்டார்கள். அன்றைக்குப் பெரிய வரவேற்பில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு வீட்டு நிலவறையில் வாசிக்கும்போது போலீஸ் வந்து நிறுத்தியது. குழு அத்தோடு கலைந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அந்த ஆல்பம்தான் பாடம். 2012-ல் மறுபடி கூடினார்கள்; 2024-ல் முடித்துக்கொண்டார்கள்.

நெல்லைக்காரன் காதுக்கு வருகிறேன். காஸ்ட்லெஸ் கலெக்டிவின் அடி வடசென்னை அடி. அது அவர்கள் மண், குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் மண்ணின் முரட்டு அடி, கணியான் கூத்தில் அடிக்கிற மகுடம் என்ற தோல்கருவி. தாமிரபரணிக் கரையில் சுடலைமாடன் கொடை நடக்கிற ஊர்களில் கேட்டுப் பாருங்கள். தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிய இரண்டு மகுடங்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். குச்சி கிடையாது, வெறுங்கை. உச்சம் கேள்வி கேட்க மந்தம் மறித்துப் பேசும். தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை ஏற்ற ஏற்ற, பெண் வேடம் கட்டிய இருவரின் சலங்கை அதைத் துரத்தும். சாமியாடி எழும்புகிற நேரத்தில் வேகம் இரட்டிக்கும். கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் சடங்கும் உண்டு. உடம்பையே பணயம் வைக்கிற இசை என்று பங்க் ரசிகர்கள் பெருமை பேசுவார்கள். அவர்களை ஒரு கொடைக்குக் கூட்டி வரவேண்டும்.

கலைவிழாவில் பத்து நிமிஷம் மகுடம் அடிக்கவிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்புவது போதாது. இரண்டு மகுடம், ஒரு அண்ணாவி, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் கிட்டார் பிடிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகள்: ஒரு குழுவுக்கு இவ்வளவு போதும். பாட்டுக்குப் பொருளும் கையருகே இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, கூலி கேட்டு வந்த மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, கைக்குழந்தை உட்பட 17 பேர் கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்தார்கள். வருஷா வருஷம் அங்கே மலர் தூவுகிறோம்.

அந்தப் பாட்டை இந்தப் பிள்ளைகள் கட்டட்டும். ஒன்றே ஒன்று: அண்ணாவியை மேடை ஓரத்தில் நிறுத்திவிடாதீர்கள். மெட்டும் அவருடையதாக இருக்கட்டும், சம்பளத்தில் முதல் பங்கும்.