அறுத்த பெண்ணுக்கு என்ன ஆச்சு?

"அந்தக் காலத்து டிவி மேஜிக் மாதிரி இப்ப வருமா?" புந்தோங் பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். 1956 ஏப்ரல் 9, பிபிசியின் பனோரமா. பி. சி. சர்க்கார் ஒரு பெண்ணை மின்ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். அவள் எழுவதற்குள் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமரா முன் வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பொண்ணு செத்துட்டாளான்னு கேட்டு பிபிசிக்கு போன் மேல் போன். நேரலை, ரீவைண்ட் கிடையாது. சர்க்காரின் பெரிய வித்தை ரம்பத்தைவிடக் கடிகாரத்தில்தான் இருந்தது என்பேன்.

இன்று யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். என்னைப் போல எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு இதில் தனிக் குஷி. ஆனால் போன் போட்டவர்கள் கவலைப்பட்டது அந்தப் பெண்ணுக்காக. நமக்கு மேஜைக்கு அடியில் என்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும்.