பாறை வெடிப்பு ஏற்றம்: புதியவர்களுக்கு ஏற்றதுதானா?

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் பக்கம் போகும் சாலையில் ஜல்லி லாரிகள் ஓய்வதே இல்லை. ஏரிப்பாசன வயல்களுக்கு நடுவே எழுந்து நிற்கும் கருங்கல் குன்றுகளில் சில காப்புக்காட்டுக்குள் தப்பி நிற்கின்றன. சில கல்குவாரிகளாகிவிட்டன, குன்று இருந்த இடத்தில் பள்ளம்தான் மிச்சம். புவியியலாளர்கள் இந்தக் கல்லைச் சார்னோக்கைட் என்பார்கள். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், பல்லாவரம் - பரங்கிமலைப் பகுதிப் பாறையோடு ஒத்துப்போவதைக் கண்டு புவியியலாளர் டி.எச். ஹாலண்ட் 1893இல் இட்ட பெயர் அது. இறுகிய, எளிதில் உதிராத கல். ஆழமான வெடிப்புகள் ஓடும் கல்.

பெங்களூருவில் இப்படிப்பட்ட கெட்டிப் பாறைகள் பல ஆண்டுகளாக இளைஞர்களுக்கு ஏறக் கற்றுக்கொடுத்து வருகின்றன. நகரின் தெற்கு விளிம்பில், கனகபுரா சாலையை ஒட்டிய துரஹள்ளிக் காடு ஏறத்தாழ 590 ஏக்கர்தான். அங்குள்ள பாறைகளும் குட்டையானவை. இத்தகைய சின்னக் காட்டுப் பாறைகளையும் அவற்றின் வெடிப்புகளையும் “புதியவர்களுக்கு ஏற்றவை” என்று ஏறுபவர்கள் சொல்வது வழக்கம். அந்தச் சான்றிதழில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியைப் பேசாமல் விட்டால் ஆள் விழுந்து அடிபடுவார்.

முதலில் வித்தையைப் பார்ப்போம். ‘டிராட்’ எனப்படும் மரபுவழி ஏற்றத்தில் பாறையில் எதையும் அறைந்து வைப்பதில்லை. முன்னால் ஏறுபவர் இடுப்பில் ஹார்னஸும் அதில் தொங்கும் உலோகக் கருவிகளுமாகப் போகிறார். வெடிப்பின் அகலம் பார்த்து ஒரு கருவியைப் பொருத்தி, அதில் கயிற்றை மாட்டிவிட்டு மேலே நகர்கிறார். பின்னால் வருபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருகிறார். கையைத் தட்டையாக வெடிப்புக்குள் நுழைத்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை தடித்து இறுகிக்கொள்ளும். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் செருகி முழங்காலை நிமிர்த்தினால் கால் பூட்டிக்கொள்ளும். தோள்பலம் இல்லாதவரும் இப்படி உடம்பை நிறுத்தலாம். மான்செஸ்டரில் குழாய் வேலை பார்த்த ஜோ பிரவுன் 1950களில் பிரிட்டனின் தலைசிறந்த ஏறுநராக மதிக்கப்பட்டதற்கு இந்தக் கைப்பூட்டும் ஒரு காரணம்.

இந்த முறையின் பெரிய பலம், பாறையை விட்டுவைப்பது. முன்பு ஆணிகளைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். அடித்து அடித்துப் பிடுங்கியதில் அமெரிக்காவின் யோசெமிட்டி வெடிப்புகள் பொத்தல் பொத்தலாகிப் போயின. ஆணி விற்றுப் பிழைத்த இவான் சூயினார்டும் டாம் ஃப்ராஸ்டும் 1972இல் தங்கள் விலைப்பட்டியலிலேயே, ஆணியை விடுங்கள், செருகி எடுக்கும் உலோகக் கட்டைகளுக்கு மாறுங்கள் என்று வாதாடினார்கள். தங்கள் வருமானத்தின் பெரும்பகுதியைத் தாங்களே வெட்டிக்கொண்ட வணிகர்கள் வரலாற்றில் அதிகம் இல்லை. பிறகு 1978இல் ஏறுநர் ரே ஜார்டைனின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ கடைக்கு வந்தது. விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் வெடிப்புக்குள் விரிந்து பற்றிக்கொள்ளும் கருவி. இன்று பொதுவாக ‘கேம்’ என்கிறார்கள். ஜெர்மனியின் எல்பே மணற்கல் பாறைகளிலோ இன்னும் கண்டிப்பு அதிகம். வெடிப்பில் உலோகக் கருவி கூடாது, முடிச்சிட்ட நாடாக்களைத்தான் செருக வேண்டும்.

இரண்டாவது பலம், அது கற்பிக்கும் விதம். ஏற்கெனவே அறைந்திருக்கும் போல்ட்டில் கொக்கி மாட்டுபவருக்குப் பாறையைப் படிக்க வேண்டிய தேவை குறைவு. டிராட் ஏறுபவரோ கல் உறுதியா, வெடிப்பு உள்ளே குறுகுகிறதா விரிகிறதா, விழுந்தால் கயிறு எந்தத் திசையில் இழுக்கும் என்று ஒவ்வோர் அடியிலும் பார்த்தாக வேண்டும். இந்தப் பயிற்சிக்கு உயரம் தேவையில்லை. தரையில் நின்று, இடுப்பளவு உயரத்து வெடிப்பில் நாள் முழுக்கக் கருவிகளைப் பொருத்திப் பொருத்திப் பார்க்கலாம். சின்னப் பாறையைவிட நல்ல பள்ளிக்கூடம் இதற்குக் கிடையாது.

ஆனால் அதே சின்னப் பாறையில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. குட்டைப் பாறை என்றால் பயமில்லை என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. முதல் கருவியை 3 மீட்டர் உயரத்தில் வைத்தவர், அடுத்ததை வைக்காமல் 6 மீட்டர் உயரத்துக்குப் போய்க் கைநழுவினால் கயிறு இறுகும் நேரத்தில் தரைக்கு வந்துவிடுவார். கயிற்றின் இழுவையையும் தொய்வையும் சேர்த்தால் 5 மீட்டரிலேயே அந்தக் கதிதான். 100 மீட்டர் சுவரின் நடுவில் விழுபவருக்குக் கீழே வெற்றுவெளி இருக்கும். 10 மீட்டர் பாறையில் விழுபவருக்குக் கீழே கல்லும் வேரும்தான் இருக்கும். எளிய பாதை என்றாலே சாய்வும் திண்டுகளும் நிறைந்தது என்பதால், விழும்போது கணுக்கால் அவற்றில்தான் முதலில் மோதும்.

அடுத்த சிக்கல் கேமின் இயற்பியல். கீழ்நோக்கிய இழுப்பை அது பக்கவாட்டு அழுத்தமாக மாற்றுகிறது. இருபுறமும் பாறையை நெம்பும் விசை, விழுபவர் தரும் இழுப்பைவிடப் பெரியது. கருங்கல் குன்றுகளில் வெங்காயச் சருகு போல மேல்தோல் உரியும் இடங்கள் உண்டு. அத்தகைய பலகைக்குப் பின்னால் உள்ள வெடிப்பு பார்வைக்கு அழகாக இருக்கும். கேம் விரியும்போது பலகையே கழன்று வரலாம். கல்லைத் தட்டிப் பார்த்துக் கேட்கும் ஒலியில் உறுதிக்கும் பொள்ளலுக்கும் வித்தியாசம் அறிய அனுபவம் வேண்டும். அனுபவமே இல்லாதவரைத்தான் ‘ஏற்ற இடம்’ என்று சொல்லி அனுப்பிவைக்கிறோம். கைவிட்ட கல்குவாரிகளில் இது இன்னும் மோசம். வெடி வைத்துப் பிளந்த சுவரில் எந்தத் துண்டு எதன்மேல் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஏறவே கூடாது.

வெளிநாட்டுக் கையேடுகள் அதிகம் கவலைப்படாத ஓர் ஆபத்தும் நம்மூரில் உண்டு. இங்கே வெடிப்பு காலி வீடு அல்ல. வெப்பம் தாங்காமல் தேளும் பல்லியும் வௌவாலும் அங்கேதான் ஒதுங்குகின்றன. சுருட்டை விரியனுக்கும் பிடித்த இடம் அது. பார்க்காமல் கையை நுழைப்பதே தொழிலாக இருக்கும் ஒரு விளையாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. மேலே துருத்தி நிற்கும் பாறையடியில் மலைத்தேனீக் கூடு இருந்தால், கயிற்றில் தொங்குபவரால் ஓடவும் முடியாது.  சித்திரை வெயிலில் கருங்கல் கையைச் சுடும் என்பதால், மார்கழி, தை மாதக் காலைகளே ஏற்றவை.

செலவையும் மறைக்க வேண்டாம். ஒரு கேமின் விலை பல ஆயிரம் ரூபாய். வெவ்வேறு அளவுகளில் ஆறேழாவது வேண்டும். சாலவாக்கத்துப் பள்ளி மாணவரால் தனியாக வாங்க இயலாது. குழுவாக வாங்கினால்தான் இது மாநகரத்து வசதிக்காரர்களின் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடாது.

காட்டின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் ராமநகராவில் உள்ள ராமதேவர பெட்டா குன்று 2012இல் பாறுக் கழுகுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீண்ட அலகுப் பாறுகள் கூடு வைப்பது செங்குத்துப் பாறை விளிம்புகளில். அங்கே மனிதக் கை போகாமலிருப்பதே நியாயம். மாமல்லபுரத்திலும் செஞ்சியிலும் பாறைகள் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அவை தொல்லியல் சின்னங்கள், விளையாட்டுத் திடல்கள் அல்ல. காஞ்சிபுரம், செங்கல்பட்டுக் குன்றுச் சரிவுகளில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பரவிக் கிடப்பதால் பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைக்கூட யோசித்துத்தான் வகுக்க வேண்டும். டிராட் தடயமே விடாது என்ற பெருமையும் முழு உண்மையல்ல. உச்சியில் மரத்தில் கயிறு கட்டிக் கட்டிப் பட்டை தேய்கிறது. அந்த இடத்தில் மட்டும் இரண்டு போல்ட் அறைவது மரத்தைக் கொல்வதைவிட மேல். தூய்மைவாதிகள் கோபித்துக்கொண்டாலும் அதுதான் சரி.

ஆகவே வெடிப்பு ஏற்றம் புதியவர்களுக்கு ஏற்றதுதான். முன்னால் ஏறுவதுதான் ஏற்றதல்ல. முதல் பருவம் முழுக்க மேலிருந்து கட்டிய கயிற்றில் ஏறட்டும். பிறகு தேர்ந்த ஒருவருக்குப் பின்னால் போய் அவர் வைத்த கருவிகளைக் கழற்றட்டும்; ஒவ்வொன்றும் ஏன் அங்கே நின்றது என்று கேட்கட்டும். அதன்பின் முன்னால் ஏறட்டும். இந்த வரிசையைக் குறுக்குவழியில் தாண்டவிடும் எந்தக் குழுவையும் பெற்றோர் நம்ப வேண்டாம்.

தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீ 2018 மார்ச்சில் மலையேறப் போன 23 பேரின் உயிரைக் குடித்த பிறகு தமிழ்நாடு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, உள்ளூர்க்காரர்களுக்கே வழிகாட்டிப் பயிற்சி அளித்தது. நடைக்குச் செய்ததைப் பாறைக்கும் செய்யலாம். உத்திரமேரூர் வட்டத்தில் ஈமச்சின்னமோ கழுகுக் கூடோ இல்லாத ஒரு குன்றை வனத்துறை தேர்ந்தெடுத்து, அந்த ஊர் இளைஞர்கள் நான்கைந்து பேரை முறையான மலையேற்றப் பள்ளிக்கு அனுப்பி, கருவிகளைப் பொதுவில் வாங்கி வைக்க வேண்டும். குவாரி உரிமங்கள் கேட்டு விண்ணப்பங்கள் வரும் வட்டாரம் இது. அந்தக் குன்று இருக்கும்போதே செய்தாக வேண்டும்.