கைரேகை வருகைப்பதிவும் தொழிலாளர் தரவு உரிமையும்: தாம்பரம் பகுதியை முன்வைத்து ஒரு விமர்சனம்

ஊழியரின் கைரேகை, முகம் போன்ற உடல் அடையாளங்களைக் கொண்டு வேலைக்கு வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் குறிக்கும் முறை பயோமெட்ரிக் வருகைப்பதிவு எனப்படுகிறது. புதிய தொழில்நுட்பங்களில் சிறு நிறுவனமும் எளிதாக வாங்கிப் பொருத்தக்கூடியது இது. சட்டத்திலும் அறத்திலும் இது எழுப்பும் கேள்விகள் அவ்வளவு எளியவை அல்ல.

பின்னணி

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் (மெப்ஸ்) தென்சென்னைப் புறநகரின் பழைய தொழில் வளாகங்களுள் ஒன்று. பின்னர் பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி வரை மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. தையல் பிரிவின் ஒப்பந்தத் தொழிலாளியும் மென்பொருள் பொறியாளரும் வெவ்வேறு ஊதியம் பெற்றாலும், வாசலில் கைரேகை வைக்கச் சொன்னால் மறுக்கும் வலிமை இருவருக்குமே குறைவு.

நிறுவனங்களின் தரப்பு

ஒருவருக்குப் பதில் மற்றொருவர் வருகை பதிவதை இக்கருவி தடுக்கிறது. ஊதியக் கணக்கை எளிதாக்குகிறது. தொழிலாளிக்கும் இதில் நன்மை இருக்க முடியும். மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் தர வேண்டும் என்பது சட்டம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ததைக் காட்ட, கருவியில் பதிவான நேரத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் அந்தப் பதிவு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

சட்டத்தின் நிலை

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதலை மையமாகக் கொண்டது. ஒப்புதல் சுதந்திரமாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 6. ஆனால் வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கு ஒப்புதலே தேவையில்லை என்று பிரிவு 7 விலக்கு அளிக்கிறது. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன.

விமர்சனம்

விலக்கின் விளைவு ஒப்புதலோடு நிற்பதில்லை. எந்தத் தரவு, எதற்காக என்று முன்னறிவிப்புப் பெறுவது, தரவின் விவரத்தைக் கேட்டுப் பெறுவது, திருத்தவும் அழிக்கவும் கோருவது ஆகிய உரிமைகளை இச்சட்டம் ஒப்புதலோடு கட்டியிருக்கிறது. ஒப்புதல் கேட்கப்படாத இடத்தில் இவையும் கிடைப்பதில்லை. மிகைநேரத்தை நிரூபிக்க வேண்டிய தொழிலாளி தன் வருகைப்பதிவை இச்சட்டத்தின் கீழ் உரிமையாகக் கேட்க முடியாது. அதே பதிவைக் காட்டி, தாமதத்துக்குச் சம்பளம் பிடிக்க நிறுவனத்தால் முடியும்.

இரண்டாவது குறை இழப்பீடு பற்றியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43ஏ, கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்க வழி செய்தது. அதன் கீழ் வந்த 2011 விதிகள் பயோமெட்ரிக் தகவலை நுண்ணிய தரவாக வகைப்படுத்தி, அதைப் பெற எழுத்துவழி ஒப்புதல் கேட்டன. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது இப்பிரிவு நீங்குகிறது. நுண்ணிய தரவு என்ற தனி வகையும் இல்லை. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்கே போகும்.

தரவுக் கசிவு வெறும் கற்பனை அச்சம் அன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் 2024-இல் டெலிகிராம் செயலி வழியே வெளியாயின. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையை மாற்ற இயலாது.

தமிழ்நாடு அரசு 2020-இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும் அரசுத் துறைப் பயன்பாட்டையே கருத்தில் கொண்டது. தனியார் ஆலை வாசலுக்கு அது எட்டவில்லை.

பிற நாடுகள்

2024 பிப்ரவரியில் பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம், செர்கோ லெஷர் நிறுவனம் 38 மையங்களில் 2,000-க்கும் மேற்பட்ட ஊழியரின் முகம், கைரேகையைக் கொண்டு வருகை பதிவதை நிறுத்த உத்தரவிட்டது. அடையாள அட்டை போதுமான இடத்தில் உடல் அடையாளம் தேவையில்லை என்பதும், ஊழியருக்கு மாற்று வழி தெளிவாகக் காட்டப்படவில்லை என்பதும் காரணங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டம் (2008) எழுத்துவழி ஒப்புதல் கேட்கிறது. மீறினால் ஊழியரே வழக்குத் தொடரலாம்.

மதிப்பீடு

இந்தியச் சட்டம் நிறுவனத்தின் சட்ட அபாயத்தைக் குறைத்து, அந்தச் சுமையைத் தொழிலாளியின் மேல் வைக்கிறது. சட்டம் அனுமதிப்பதால் ஒரு செயல் நியாயமாகிவிடாது. கைரேகை தர விரும்பாதவருக்கு அட்டை வழங்குவது, மாதந்தோறும் வருகைப்பதிவின் நகலைத் தருவது, வேலையை விட்டவரின் கைரேகையை அழிப்பது ஆகியவற்றை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மூன்றும் பெருஞ்செலவில்லாதவை. ஆனால் நிறுவனத்தின் விருப்பத்தை மட்டும் நம்பியிருக்கும் பாதுகாப்பு உரிமையாகாது. பிரிவு 7-இன் விலக்கைத் திருத்தி, குறைந்தது முன்னறிவிப்பும் நகல் பெறும் உரிமையும் ஊழியருக்குச் சட்டப்படி வழங்கப்பட வேண்டும்.