டெலவேயாகாவின் சரிவுகளில் தட்டெறிதல்

கோல்ஃப் ஆட்டத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு, பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் எறியும் தட்டையும், தரையில் உள்ள குழிக்குப் பதிலாகக் கம்பத்தில் பொருத்திய சங்கிலிக் கூடையையும் வைத்து ஆடப்படுவது டிஸ்க் கோல்ஃப். 'டீ' எனப்படும் எறிமேடையில் தொடங்கி, தட்டு விழுந்த இடத்திலிருந்தே அடுத்த முறை எறிந்து, மிகக் குறைந்த எறிகளில் அதைக் கூடையில் சேர்ப்பவர் வெல்கிறார். சமதளப் புல்வெளியில் இதை ஆடும்போது தோள்வலிமையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பதால் பார்ப்பவருக்கு விரைவில் சலிப்புத் தட்டிவிடும்; ஆட்டத்தின் நுட்பம் வெளிப்படுவது மேடும் பள்ளமுமாக மரங்கள் அடர்ந்த நிலத்தில்தான். அத்தகைய களங்களுள் தேர்ந்த ஆட்டக்காரர்கள் தனித்துப் போற்றும் ஒன்று, கலிஃபோர்னியாவின் சான்ட்டா குரூஸ் நகரப் பூங்காவான டெலவேயாகாவில் 1980களில் அமைக்கப்பட்டது.

ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய எட் ஹெட்ரிக், 1975இல் பாசடீனாவை அடுத்த ஓக் குரோவ் பூங்காவில் இந்த ஆட்டத்தின் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். அங்கே முதலில் இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசாமல் போனதா என்ற ஓயாத வழக்குக்குச் சங்கிலியும் கூடையும் கொண்ட இலக்கே முடிவு கட்டியது. அதற்கான காப்புரிமையை ஹெட்ரிக் 1977இல் பெற்றார். (2002இல் அவர் மறைந்தபின், அவருடைய விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன.) 1983இல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சாய்வாகக் கூராக்கி வடிவமைத்த தட்டு, காற்றைக் கிழித்துச் செல்லும் வேகத்தைத் தந்து, கடற்கரை விளையாட்டுப் பொருளிலிருந்து இதை முற்றிலும் பிரித்துவிட்டது.

காட்டுக்களத்தை ரசிக்க, தட்டு ஏன் நேர்கோட்டில் பறப்பதில்லை என்பது புரிந்திருக்க வேண்டும். வலக்கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும் 'பேக்ஹேண்ட்' முறையில், மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் சுழலும் திசையில் சுழல்கிறது. வேகம் மிகுந்திருக்கும்போது காற்றின் தூக்குவிசை தட்டின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் அமைந்து அதன் முகப்பைக் கீழே அழுத்த முயல்கிறது. ஆனால் சுழலும் பொருள் தன்மேல் செயற்படும் திருப்புவிசைக்குக் கால்சுற்றுத் தள்ளியே இசைந்து கொடுக்கும் என்பதால், முகப்புத் தாழ்வதற்குப் பதிலாகத் தட்டு வலப்புறம் சாய்கிறது. வேகம் குறையக் குறைய அவ்விசை முன்னே நகர்ந்து, சாய்வு இடப்புறமாக மாறுகிறது. முதல் வளைவை 'டர்ன்' என்றும் இறுதி வளைவை 'ஃபேட்' என்றும் ஆட்டக்காரர்கள் அழைக்கின்றனர். தட்டை விடும்போதே வெளிவிளிம்பைத் தாழ்த்தினால் 'ஹைசர்', உயர்த்தினால் 'ஆன்ஹைசர்'. ஒரே தோளிலிருந்து ஒரே வலிமையோடு புறப்படும் தட்டு இச்சாய்வால் மட்டுமே முற்றிலும் வேறான பாதைகளை வரையக்கூடும்.

திறந்தவெளியில் இந்தப் பாதைகளுள் எதைத் தேர்ந்தாலும் பெரிய கேடில்லை. காட்டிலோ ஓக் மரங்களின் இடைவெளிகளே தேர்வைக் கேட்கின்றன: முதல் இடைவெளி வலப்புறமும் அடுத்தது இடப்புறமும் அமைந்திருந்தால், வேகமான டர்னும் தாமதமான ஃபேடும் ஒரே வீச்சில் அமைய வேண்டும், கிளைகள் தாழ்ந்திருந்தால் உயரம் குறைய வேண்டும், உயரம் குறைந்தால் தட்டுக்குக் காற்றில் கிடைக்கும் நேரமும் குறைவதால் வளைவு முற்றுப்பெறும் முன்பே அது தரை தொட்டுவிடும். சரிவு இக்கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. ஏற்றத்தை நோக்கி எறியும்போது வேகம் விரைவில் வற்றி ஃபேட் முந்திக்கொள்வதால், இயல்பாகவே வலப்புறம் திரும்பும் தட்டைத் தேர்ந்தவன் கெட்டிக்காரன். இறக்கத்திலோ தட்டு காற்றில் நெடுநேரம் நிற்பதால், கையிலிருந்து விடுபடும்போது நேர்ந்த இம்மியளவு பிசகும் கீழே போய்ச் சேர்வதற்குள் பல அடியாகப் பெருகிவிடுகிறது. பாதையிலிருந்து விலகிய தட்டைத் தேடிப் புதருக்குள் போகிறவருக்குக் காத்திருப்பது பாய்சன் ஓக் என்னும் செடி. முந்திரியும் சேங்கொட்டையும் அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த இது, பெயரில் மட்டுமே ஓக். இலை உரசினாலே தோல் கொப்பளிக்கும்.

டெலவேயாகாவின் புகழ்பெற்ற இலக்கு இருபத்தேழாவது. 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்' என்றழைக்கப்படும் அதன் எறிமேடை மலைமுகட்டில் இருக்கிறது. தெளிந்த நாளில் மான்ட்டரே விரிகுடா வரை கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து எறியப்படும் தட்டு, பார்ப்பவர் மூச்சை அடக்கும் அளவுக்கு மிதந்து இறங்குவதால், நிழற்படங்களில் அந்த இலக்கே மிகுதியாக இடம்பெறுகிறது. அப்புகழில் பாதி காட்சிக்கு உரியதே தவிர ஆட்டத்துக்கு உரியதன்று. நெடிய பறத்தலில் வலிமையின் பங்கு மிகுதி. மரங்களுக்குள் ஒடுங்கிய குறுகிய இலக்குகளிலேயே அந்தக் களத்தின் உண்மையான சுவை இருக்கிறது.

அச்சுவை உச்சம் பெறுவது 'பட்' எனப்படும் இறுதி எறிதலில். கூடையைச் சரிவின் விளிம்பில் நிறுத்துவது இக்களத்தின் வழக்கம். பத்து மீட்டருக்குள் நின்று எறிபவர், தட்டை விட்டபின் தம் இடக்குறிக்கு முன்னே அடிவைக்குமுன் நிலைகொண்டு காட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நிற்பவர் பாய்ந்து எறியும் வசதியை இழக்கிறார். கீழ்நோக்கி எறிந்த தட்டு சங்கிலியைத் தவறவிட்டால் சரிவோடு மிதந்து தூரப் போகும். மேல்நோக்கி எறிந்தது கூடையின் அடியில் மோதினால் விளிம்பில் நின்று சக்கரமாக உருண்டு, எறிந்தவரையும் தாண்டிக் கீழே ஓடும். ஏழெட்டு மீட்டர் தொலைவிலிருந்து ஓர் எறியில் முடிக்க முயன்று மூன்று எறிகளைச் செலவிடுவது அங்கே அரிதன்று. எனவே தேர்ந்தவர்கள் கூடையைப் பார்க்குமுன் அதன் பின்னால் உள்ள நிலத்தைப் பார்க்கிறார்கள்: அங்கே வேரோ தடித்த அடிமரமோ தட்டைத் தடுத்து நிறுத்துமானால் சங்கிலியின் நடுவை நோக்கித் துணிந்து எறிகிறார்கள், வெறும் சரிவாக இருந்தால், கைக்கெட்டும் வெற்றியை விட்டுவிட்டுத் தட்டைக் கூடையடியில் தட்டையாகக் கிடத்தி, அடுத்த எறியில் சேர்க்கிறார்கள்.