படிக்கட்டுப் படத்தில் இல்லாத ஒரு நானோமீட்டர்

ஓ.எல்.இ.டி. பற்றிய கட்டுரைகளில் ஒரு படிக்கட்டுப் படம் தவறாமல் இருக்கும். இரண்டு ஓரங்களில் மின்முனைகள், நடுவில் கரிம அடுக்குகளின் ஆற்றல் மட்டங்கள். மின்முனைக்கும் பக்கத்து அடுக்குக்கும் நடுவே படி சின்னதாக இருந்தால் மின்னூட்டம் சுலபமாக உள்ளே போகும். பெரிதாக இருந்தால் திணறும். பார்த்தவுடனே புரிஞ்சிடும். எனக்கு அதில்தான் சிக்கல்.

1987ல் கோடாக்கின் டாங், வான்ஸ்லைக் இருவரும் இரண்டடுக்குக் கருவியை 10 வோல்ட்டுக்கும் குறைவாக ஒளிரவைத்தார்கள். எதிர்மின்முனை மெக்னீசியம்-வெள்ளிக் கலவை. மெக்னீசியத்தின் வெளியேற்று ஆற்றல் சுமார் 3.7 எலக்ட்ரான்வோல்ட், படி சின்னது. படமும் கருவியும் ஒத்துப்போயின. ஆனால் மெக்னீசியம் காற்றில் சீக்கிரம் கெடும். அலுமினியம் கெட்டி, ஆனால் அதற்கு 4.3. அல்க்யூ3 அடுக்கின் மட்டமோ 3 பக்கம். நடுவே 1.3 எலக்ட்ரான்வோல்ட் சுவர். அறை வெப்பநிலையில் எலக்ட்ரானிடம் இருக்கும் வெப்ப ஆற்றல் 0.025தான்!

1997ல் ஹங், டாங், மேசன் மூவரும் அலுமினியத்துக்கும் அல்க்யூ3க்கும் நடுவே ஒரு நானோமீட்டர் அளவுக்கு லித்தியம் ஃப்ளூரைடு வைத்தார்கள். அது சுத்தமான மின்காப்பான். ஆனாலும் எலக்ட்ரான் உட்செலுத்தல் மெக்னீசியம்-வெள்ளியைவிட மேம்பட்டது.

படிக்கட்டுப் படத்தை நம்பி நானும் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அதில் லித்தியம் ஃப்ளூரைடைச் சேர்த்ததும் மின்னோட்டம் குறைஞ்சது. இரண்டு வாரம் பிழை தேடினேன். கோடில் பிழை இல்லை. கோடுக்கு நான் கொடுத்த படமே தப்பு.

அந்தக் கட்டுரையின் அளவீடு அசையாமல் நிற்கிறது. அது சொன்ன காரணம், அதாவது கரிம அடுக்கின் ஆற்றல் பட்டை வளைகிறது என்பது, அப்படி நிற்கவில்லை. இடைமுகத்தில் இருமுனை உருவாகிறது, எலக்ட்ரான் காப்பானைத் துளைத்துப் போகிறது, அலுமினியம் வினைபுரிந்து லித்தியத்தை விடுவிக்க அது அல்க்யூ3க்கு எலக்ட்ரான் தருகிறது என்று பிறகு பல விளக்கங்கள் வந்தன. படிக்கட்டுப் படத்தில் இவை எதற்கும் இடமில்லை. தனித்தனியாக அளந்த மட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதுதான் அந்தப் படம். இரண்டும் தொட்டுக்கொள்ளும்போது என்ன நடக்கும் என்று அது கேட்பதே இல்லை. 1999ல் இஷீ, சேகி குழுவினரின் விரிவான தொகுப்புக் கட்டுரை இதை உடைத்தே சொன்னது: சில உலோக-கரிம இடைமுகங்களில் மட்டங்கள் 1 எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கே நகர்கின்றன. நம்ம சுவரே 1.3தானே!

படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எந்தப் பொருளை முதலில் சோதிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க அது உதவும். அதையே விளக்கமாக அச்சிடும்போதுதான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள்.

என் ஸ்கிரிப்டில் இப்போது 'இடைமுக நகர்வு' என்று ஒரு மாறி இருக்கிறது. அதன் மதிப்பைக் கணக்குப் போட்டு எடுக்க எனக்கு வழியில்லை. அளந்தவர்களின் கட்டுரையிலிருந்துதான் எடுத்துப் போடுகிறேன். பக்கத்திலேயே ஒரு கமெண்ட்: “இது அளந்தது, புரிந்தது அல்ல.”