குருவியின் பரவளையம்

பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009 டிசம்பரில் வெளியிட்ட 'ஆங்கிரி பேர்ட்ஸ்' பொழுதுபோக்கு கேம்தான். ஆனால் அதன் இயற்பியல் பெரும்பாலும் பாடப்புத்தக இயற்பியல். உண்டிவில்லிலிருந்து கிளம்பும் சிவப்புக் குருவியை ஃபிரேம் ஃபிரேமாக அளந்து பாருங்கள். கிடைமட்ட வேகம் மாறுவதே இல்லை; செங்குத்து வேகம் சீராகக் குறைந்து, உச்சியைத் தாண்டியதும் அதே சீரில் கூடுகிறது. அசல் பரவளையம். மரமும் கல்லும் சரிகிற விதத்தை எரின் கேட்டோ எழுதிய பாக்ஸ்2டி என்ற மென்பொருள் நிறை, உராய்வு, மோதல் பார்த்துக் கணக்கிடுகிறது.

காற்றுத் தடை எங்கே, தொட்டதும் மஞ்சள் குருவி எதை உந்தி வேகமெடுக்கிறது, ஒரு நீலக் குருவி மூன்றாகப் பிரிவது எந்த விதிப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் கடைசி இரண்டு மீறல்களும் ஆடுபவர் விரல் வைக்கும் நொடியில் மட்டுமே நிகழ்கின்றன. பிரிந்த மூன்று குருவிகளும் மறுபடி ஈர்ப்புக்கு அடங்கியே விழுகின்றன. விதி நிலையாக இருப்பதால்தான், முதல் குருவி தாழ்வாகப் போனால் அடுத்ததைச் சற்றே உயர்த்தி விட முடிகிறது. பாதையைக் கணிப்பது எளிதாவதால், காற்றுத் தடையைச் சேர்க்காமல் விட்டதும் சரியான முடிவு.