வாசிக்கும் மூளையும் தமிழ் எழுத்தும்: நரம்பியல் நூலொன்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

மொழிக் கல்வி பற்றிய உரையாடல்களில் ‘மூளை’ என்னும் சொல் அண்மைக் காலமாக மிகுதியாக வழங்கிவருகின்றது. நாம் கலந்துகொண்ட ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில், வலப்பக்க மூளை படைப்பாற்றலுக்கும் இடப்பக்க மூளை இலக்கணத்துக்கும் உரியவை என்று கூறப்பட்டு, அதற்கேற்ப மாணவரைப் பிரித்து அமர்த்தும் முறையும் விளக்கப்பட்டது. வந்திருந்த தமிழாசிரியர் எவரும் மறுவினா எழுப்பவில்லை, நாமும் எழுப்பவில்லை. இது நம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று. பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஆசிரியர்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2012இல் வெளிவந்த ஆய்வொன்று, இத்தகைய பிழையான நம்பிக்கைகள் அவர்களிடமும் பரவலாக இருப்பதைக் காட்டியது. மூளையைப் பற்றிப் பொதுவாக மிகுதியும் அறிந்திருந்தோரிடமே அந்நம்பிக்கைகளும் மிகுந்திருந்தன என்பது அவ்வாய்வின் வியத்தகு முடிவாகும்.

அரைகுறைச் செய்திகளுக்கு மாற்றாக, துறை வல்லுநர் ஒருவரே எழுதிய நூலை நேரே பயில்வதே தக்கது. அவ்வகையில் பிரெஞ்சு நரம்பியலறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் 2007இல் பிரெஞ்சிலும் 2009இல் ஆங்கிலத்தில் ‘ரீடிங் இன் த பிரெய்ன்’ என்னும் பெயரிலும் வெளியிட்ட நூல் தமிழாசிரியர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும். அந்நூலின் கருத்துகளுள் தமிழ் எழுத்துக்குப் பொருந்துவன எவை, பொருந்தாதன எவை என்பதை அது வெளிவந்தபின் நிகழ்ந்த ஆய்வுகளின் துணையுடன் இக்கட்டுரை நோக்குகின்றது.

நூலின் அடிப்படை

எழுத்து தோன்றி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. மனித மூளை அதற்கென ஓர் உறுப்பைப் படிவளர்ச்சியில் உருவாக்கிக்கொள்ள இக்காலம் போதாது. ஆயினும் எந்த மொழியை வாசிப்பவராயினும், வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்துக் கீழ்ப்பின்புறத்தில் ஏறத்தாழ ஒரே இடம் செயற்படுகின்றது. ‘காட்சிச் சொல்வடிவப் பகுதி’ எனப்படும் இவ்விடத்தை டெஹேனும் லோரான் கோஹெனும் உடனாய்வாளரும் 2000ஆம் ஆண்டில் இனங்காட்டினர். இம்முரணுக்கு நூல் தரும் விடை ‘நரம்பணு மறுபயன்பாடு’ என்னும் கருதுகோளாகும். பொருள்களையும் முகங்களையும் இனங்காண அமைந்திருந்த நரம்பணுக்களை எழுத்து தன் பணிக்கு எடுத்துக்கொள்கின்றது என்பதே அதன் சாரம்.

இதற்குச் சான்றாக நூல் காட்டும் நிகழ்வுகளுள் பாரிஸ் நகரத்து வணிகர் ஒருவருடையது நெஞ்சைவிட்டு நீங்காதது. 1887இல் மூளையின் இரத்தக்குழாய் அடைப்பால் அவர் வாசிக்கும் ஆற்றலை மட்டும் திடீரென இழந்தார். பேசினார், பிறர் பேசுவதைப் புரிந்துகொண்டார், பிழையின்றி எழுதவும் செய்தார். தாம் எழுதியதையே வாசிக்க இயலாதவராயினார். மருத்துவர் டெஜெரின் 1892இல் இதனை விவரித்தார். எழுதுதலும் வாசித்தலும் ஒரே திறனின் இரு முகங்கள் என்று கருதிப் பாடம் நடத்தும் நமக்கு இந்நிகழ்வு ஓர் எச்சரிக்கை.

எழுத்து வடிவங்கள் இயற்கைக் காட்சிகளில் கோடுகள் கூடும் முறையை ஒத்துள்ளன என்னும் மார்க் சங்கீசியின் கருத்தையும் நூல் ஏற்றுக்கொள்கின்றது. நம் எழுத்துகளின் வளைவுக்குப் பனையோலையையும் எழுத்தாணியையும் காரணமாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். கண்ணின் இயல்பு வடிவங்களின் எல்லையை வகுத்தது, கருவி அவ்வெல்லைக்குள் வடிவத்தைத் தேர்ந்தது என இரண்டையும் இணைத்துக் காண்பதில் தடையில்லை என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இந்திய எழுத்துகள் தந்த சோதனை

டெஹேன் குழுவினர் 2010இல் போர்த்துக்கல், பிரேசில் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 63 பேரை ஆராய்ந்தனர். எழுத்தறியாதோர், வளர்ந்தபின் எழுத்தறிந்தோர், இளமையிலேயே கற்றோர் என மூவகையினரும் அவர்களுள் இருந்தனர். வாசிப்புத் திறன் கூடக்கூட, இடப்பக்கத்து அவ்விடத்தில் முகங்களுக்கான செயற்பாடு சற்றே குறைகின்றது என்பது அவர்தம் முடிவுகளுள் ஒன்று. வாசிப்புக்கு நாம் முகமறியும் ஆற்றலில் ஒரு பங்கை விலையாகக் கொடுக்கிறோம் என்று இது பரவலாகப் பேசப்பட்டது. ஆயின் வட இந்தியாவில் தேவநாகரி வாசிப்போரையும் எழுத்தறியாதோரையும் ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஹெர்வே-அடெல்மன் குழுவினரின் கட்டுரை அத்தகைய இழப்பைக் காணவில்லை. மறுபயன்பாடு உண்டு, அழிவு இல்லை என்பது அவர்தம் துணிபு.

இதனினும் அடிப்படையான வேறுபாட்டை எழுப்பியது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு. சொல்லை வாசிக்கையில் மூளை முதலில் கோடுகளையும், பின் எழுத்துகளையும், அதன்பின் ஈரெழுத்துச் சேர்க்கைகளையும் இனங்காண்கிறது என்றும், ஈரெழுத்துச் சேர்க்கைக்கெனத் தனி நரம்பணுக்கள் உருவாகின்றன என்றும் நூல் ஒரு படிநிலையை முன்வைக்கின்றது. ஆகாஷ் அகர்வால், கே.வி.எஸ். ஹரி, எஸ்.பி. அருண் ஆகியோர் தெலுங்கு மட்டும் அறிந்தோர், மலையாளம் மட்டும் அறிந்தோர் என்னும் இரு குழுவினரிடம் இரு எழுத்துகளையும் காட்டிச் சோதித்தனர். ஒருவருக்குத் தெரிந்த எழுத்து மற்றவருக்கு வெறுங்கோலம். ஆகவே எழுத்தின் வடிவத்தால் விளைவதையும் பயிற்சியால் விளைவதையும் பிரித்தறிய முடிந்தது. இத்தகைய சோதனைக்களத்தை இயல்பாகவே தருவது இந்தியாவின் பன்மொழிச் சூழல். 2019இல் வெளியான முடிவு இது: பயிற்சி பெற்ற வாசகரிடம் ஓரெழுத்து தன் அண்டை எழுத்தால் குலைவது குறைகின்றது, சேர்க்கையைத் தனி எழுத்துகளின் கூட்டாகவே பெரிதும் விளக்கிவிடலாம். அவ்வகையில் குலைவு எவ்வளவு என்பது ஒருவரது வாசிப்புச் சரளத்தையே முன்னறிவிப்பதாகவும் இருந்தது.

சேர்க்கைகளுக்குத் தனி நரம்பணு தேவை என்னும் நூலின் கருத்தை இது வலுவிழக்கச் செய்கின்றது. பின்னர் 2024இல் அகர்வாலும் டெஹேனும் இணைந்து, வாசிக்கப் பயிற்றப்பட்ட கணினி வலையமைப்புகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓரெழுத்து சொல்லின் விளிம்பிலிருந்து எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதை உணரும் அலகுகளே அதில் முதன்மை பெறுகின்றன. தம் கருதுகோளைத் திருத்திக்கொள்ளத் தயங்காத இப்பண்பைப் பாராட்ட வேண்டும். நூலை மட்டும் வாசித்து நின்றுவிடும் ஆசிரியருக்கோ இத்திருத்தம் எட்டாது.

கண்ணாடி எதிர்வடிவம்

இடவல மாற்றத்தைப் பொருட்படுத்தாமல் ஒரு பொருளை அதுவே என இனங்காண்பது மூளையின் இயல்பு. இடப்புறம் நோக்கிய புலியும் வலப்புறம் நோக்கிய புலியும் புலியே. உரோமன் எழுத்தைக் கற்கும் குழந்தை ‘பி’, ‘டி’ ஆகியவற்றின் சிறிய வடிவங்களைப் பிரித்தறிய இவ்வியல்பைக் கைவிட வேண்டியுள்ளது. இதற்கு நூல் ஓர் இயல் முழுவதையும் ஒதுக்குகின்றது.

தமிழ்நாட்டில் எரிக் பெடர்சன் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்தறியாத தமிழர், தமிழ் எழுத்து மட்டும் அறிந்தோர், தமிழொடு உரோமன் எழுத்தும் அறிந்தோர் ஆகியோரிடம் எதிர்வடிவங்களைப் பிரித்தறியும் சோதனை நடத்தப்பட்டது. தமிழ் மட்டும் அறிந்தோர் பெரிதும் எழுத்தறியாதோரையே ஒத்திருந்தனர். உரோமன் எழுத்தும் அறிந்தோரே வேறுபட்டனர். தமிழில் ஒன்றுக்கொன்று கண்ணாடி எதிர்வடிவமான எழுத்திணை இல்லை. ஆகவே அவ்வியல்பைக் கைவிட வேண்டிய தேவையும் தமிழ் வாசகருக்கு எழவில்லை. ‘வாசிப்பு மூளையை மாற்றுகின்றது’ என்னும் கூற்றைவிட ‘எந்த எழுத்தின் வாசிப்பு’ என்னும் வினா முற்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் முதலாம் ஆண்டிலேயே தமிழோடு உரூமி எழுத்தையும் கற்கின்றனர். சிங்கப்பூர் மாணவரும் இரு எழுத்துகளைத் தாங்கியே வளர்கின்றனர். இடவலக் குழப்பம் உரூமியோடு வருவது. தமிழ் எழுத்தின் இடர்கள் வேறு: னகர ணகரங்களின் சுழி எண்ணிக்கை, ரகரத்துக்கும் கால் குறிக்கும் உள்ள சிறு வேறுபாடு, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். எப்பிழை எவ்வெழுத்துக்கு உரியது என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே குறைபாட்டின் அறிகுறியாகக் கொள்வது அம்மாணவர்க்கு இழைக்கும் தீங்காகும்.

ஒலியனா, உயிர்மெய்யா?

நூலின் கல்வியியல் அறிவுரை, எழுத்துக்கும் ஒலியனுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும் என்பதாகும். முழுச்சொல்லைப் படமாகக் காட்டிக் கற்பிக்கும் முறையை ஆசிரியர் கடுமையாக மறுக்கின்றார். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இது தக்கதே. அப்பூசலைத் தமிழ் வகுப்பறைக்கு அப்படியே இறக்குமதி செய்வதில் நமக்கு உடன்பாடில்லை.

தமிழ்க் குழந்தைக்குக் கண்ணில் படும் அலகு ஒலியன் அன்று, உயிர்மெய். ‘கல்’ என்னும் சொல்லின் முதலொலியை நீக்கிச் சொல்லுமாறு கேட்டால் ‘ல்’ என்று ஒரு குழந்தை விடையளிக்கக்கூடும். ஆங்கிலச் சோதனையைப் பெயர்த்து அமைத்த வினாத்தாள் ‘அல்’ என்னும் விடையையே எதிர்பார்க்கும். குழந்தைக்கு மதிப்பெண் கிட்டாது. ககரத்தை ஓரெழுத்தாகக் கற்பித்தவர்கள் நாம். குழந்தை கற்றதைக் கற்றவாறே சொன்னது. அதனை ஒலியன் விழிப்புணர்வுக் குறையென்று பதிவுசெய்து குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பினால் பிழை சோதனையைச் சாரும்.

கன்னடக் குழந்தைகளிடையே சோனாலி நாக் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கின்றது. அசையெழுத்துகளைக் கற்று முடிக்க நான்காம் வகுப்பு வரை செல்கின்றது என்றும், ஒலியன் உணர்வு மெல்லவே தோன்றுகின்றது என்றும் அவர் காட்டினார். கன்னடத்தினும் தமிழின் எழுத்துத் தொகை குறைவு. 247 என்று நாம் எண்ணினாலும் ஆகார, இகர வரிசைகளில் உயிர்க்குறியைத் தனியே காண முடிகின்றது. உகர, ஊகார வரிசைகளில் அவ்வாறில்லை. கு, டு, து, மு ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்யின் உருவிலேயே கரைந்துவிடுகின்றது. ஒரே நெடுங்கணக்கில் ஒலியனைக் காட்டும் வரிசையும் அதனை மறைக்கும் வரிசையும் உள்ளன. பெரியார் 1935இல் குடியரசு இதழில் புகுத்தியதும், தமிழக அரசு 1978இல் ஏற்றதும், பின்னர் நம் நாட்டுப் பாடநூல்களில் இடம்பெற்றதுமான சீர்திருத்தம் ஆகார, ஐகார, ஒகர, ஓகார வரிசைகளின் விதிவிலக்குகளை நீக்கியது. இகர, உகர வரிசைகள் நான்கையும் சேர்த்து 72 எழுத்துகளைச் சீர்ப்படுத்தக் கோரினார் வா.செ. குழந்தைசாமி. இரு தரப்பு வாதங்களும் குறியீடுகளின் எண்ணிக்கையையும் மரபையுமே பெரிதும் சார்ந்திருந்தன. எவ்வரிசை குழந்தைக்கு எவ்வளவு காலத்தைக் கூடுதலாக்குகிறது என்பதை அளந்து பேசியிருந்தால் அவ்விவாதம் வேறு திசையில் சென்றிருக்கும்.

கொம்பின் சிக்கல் தனித்து நோக்கத்தக்கது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் முதலே நாம் அறிந்த இலக்கணம். எழுதும்போதோ எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே நிற்கின்றன. ஒருங்குறியில் மெய்யெழுத்தே முதலில் பதிவாகிறது. திரையில் கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டும் வேலையைக் கணினி செய்துவிடுகின்றது. குழந்தையோ அதனைத் தானே செய்ய வேண்டும். இந்தியில் இகரக் குறி இவ்வாறே மெய்க்கு முன் நிற்பது. ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்து வரிசையும் ஒலி வரிசையும் முரணும் சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரமாகின்றது, பிழையும் மிகுகின்றது என்று காட்டியது. கேட்டெழுதும் பயிற்சியில் முதலில் மெய்யை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னே சேர்க்கும் குழந்தையை நாம் ‘கவனமில்லை’ என்று கடிந்துகொள்கிறோம். அக்குழந்தை தன் செவியைச் சரியாகவே பின்பற்றியிருக்கின்றது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குழந்தைகளின் வாசிப்பில் இவ்விடரின் அளவை அறிய மூளைப் படக்கருவி வேண்டியதில்லை. விடையளிக்கும் நேரத்தைப் பதியும் எளிய கணினி நிரல் ஒன்று போதும். ஆசிரியப் பயிற்சி மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டுக்காகவே இதனைச் செய்து முடிக்கலாம். உயிர்க்குறி நிற்கும் இடம் தவிர ஏனைய கூறுகளில் ஒத்த சொல்லிணைகள் முதலில் தேவை. தாள்–தேள், வால்–வேல், மாடு–மேடு, நார்–நேர், காடு–கேடு எனத் தொடங்கலாம். இவற்றுள் குழந்தைக்குப் பழகாத சொல்லை நீக்கிவிட வேண்டும்.